பாதி வேகத்தில் ஒரு நிச்சயதார்த்தம்

முதல் குழந்தை பெற்றவள் தூக்கத்துக்காக எதையும் செய்வாள். குழந்தையின் தூக்கத்துக்காக என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வோம். அப்படி நான் செய்த ஒரு காரியம், என் நாத்தனாரின் நிச்சயதார்த்தத்தைப் பத்து நிமிடத்துக்குச் சாவு வீடாக்கியது. வேண்டுமென்று செய்யவில்லை. (இதை அவளிடம் இன்றும் மாதம் ஒருமுறையாவது சொல்கிறேன்.)

நான் அரக்கோணத்துப் பெண். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த இரண்டாம் வருடம் தியா பிறந்தாள். வீட்டில் அத்தை, நாத்தனார் தீபா, கணவர் சரவணன் மூவருமே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஏழே காலுக்கு கம்பெனி பஸ் வந்து மூவரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு மாலை வரை நான், தியா, என் சந்தேகங்கள். எட்டு மாதக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்மலாம்? ஒரே பக்கமாகப் படுத்தால் தலை சப்பையாகிவிடுமா? போனில் தேடுவேன். போன் பயமுறுத்தும். நல்ல பதில் வரும் வரை கேள்வியை மாற்றி மாற்றிப் போடுவேன்.

தியாவைத் தூங்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின் சந்தில் டேவிட் மாஸ்டரின் பேண்டு செட். தினமும் காலை பதினோரு மணிக்குப் பயிற்சி நடக்கும். ஒரு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், ஒரு பெரிய டிரம். அவர்களிடம் ஒரு மெட்டு உண்டு. சினிமாப் பாட்டு இல்லை, மாஸ்டரின் அப்பா காலத்தில் அவர்களே கட்டியதாம். கிளாரினெட் அதை எடுத்ததும் தியாவுக்குக் கண் சொருகும். என் தாலாட்டுக்கு முறைத்தவள், போனில் வரும் மழைச் சத்தத்துக்கு வீறிட்டவள், நாலு ஆண்கள் கன்னம் உப்ப ஊதினால் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். பேண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. பதினோரு மணிக்கு சந்து அமைதியாக இருந்தது. என் வீடு மட்டும் அமைதியாக இல்லை.

அப்போதுதான் பீரோ மேல் இருந்த கிட்டார் கண்ணில் பட்டது. கணவர் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. அதைத் தோளில் மாட்டிப் போட்டோ எடுக்கும் வரை அவருக்குத் தெரியும். நான் கர்ப்பமாக இருந்தபோது வீடியோ பார்த்துக் கொஞ்சம் பழகியிருந்தேன். மாஸ்டர் ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக நடந்த பயிற்சியைக் குளியலறை ஜன்னல் வழியாகப் பதிவு செய்தும் வைத்திருந்தேன். ஊதுகிற மெட்டை மீட்டுகிற மெட்டாக மாற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன்.

கிளாரினெட் ஒரு சுரத்தைப் பிடித்தால் மூச்சு உள்ளவரை விடாது. கிட்டார் கம்பியோ 'டிங்' என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நீண்ட சுரம் வரும் இடங்களில் அதே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். யாரோ விக்கி விக்கி அழுவதுபோல் ஒலித்தது. எனக்கு அது உருக்கமாகத் தெரிந்தது. கிளாரினெட் ஏறிய உயரத்துக்கு என் சுண்டுவிரல் எட்டவில்லை, அதனால் மெட்டையே தடித்த கம்பிகளுக்கு இறக்கினேன். குரல் கனத்துப்போயிற்று. பதிவைப் போனில் பாதி வேகத்தில் ஓடவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பழகிய பிறகு முழு வேகத்துக்குப் போகலாம் என்று எண்ணம். என் விரல்களுக்கு அந்த எண்ணம் இல்லை. தியா பாதி வேகத்திலேயே தூங்கிவிட்டதால் நானும் வற்புறுத்தவில்லை. பெரிய டிரம்முக்கு உள்ளங்கையால் கிட்டார் மரத்தில் ஒரு டொம். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு டொம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. பி.எஸ்சி. கணக்கு படித்தவள் நான். எல்லாக் காரணங்களையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று மட்டும் பார்க்கவில்லை.

ஊர் எனக்கு ஜாடை காட்டாமல் இல்லை. எதிர்வீட்டு பாத்திமா அக்கா தினமும் மதியம் எட்டிப் பார்ப்பார்.

"இன்னா அனிதா, ஊர்ல அப்பா அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கக்கா."

"மாமியார்?"

"வேலைக்குப் போயிருக்காங்கக்கா."

"அல்லா காப்பாத்தட்டும்" என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போவார். என்ன பாசம் என்று நினைத்தேன். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பார், கூவ மாட்டார். இசையை மதிக்கும் ஊர் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரோ நான் வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை. (எல்லோரும் வீட்டில் இருக்கும்போது வாசிக்க எனக்கு வெட்கம்.) கேட்காமலே, "என் பொண்டாட்டி கிட்டார்ல பின்னுவா" என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் தீபாவுக்கு நாட்றம்பள்ளியில் வரன் அமைந்தது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை கார்த்திக் நல்ல பையன், தீபாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவனுடைய அம்மா விமலா சகுனம் பார்ப்பவர். மூன்று ஜோசியரிடம் காட்டி மூவரும் ஒரே மாதிரி சொன்ன பிறகுதான் நிச்சயதார்த்தத்துக்கே சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். மாமனார் இல்லாததால் எங்கள் பக்கம் தட்டு மாற்ற வேண்டியவர் அவருடைய அண்ணன், பெரிய மாமா. திமிரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பதினொன்றேகால் ஆகியும் வரவில்லை. விமலாம்மா மடியில் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்ட தியா அழ ஆரம்பித்தாள்.

"சும்மா உக்காந்துட்டு இருக்கறதுக்கு அனிதா ஒரு பாட்டு வாசிக்கட்டுமே" என்றார் என் கணவர்.

"வேணாங்க..."

"வாசிங்க அண்ணி, தியாவும் தூங்கிடுவா" என்றாள் தீபா. (இதைச் சொன்னது அவள்தான். எழுத்தில் ஓரிடத்திலாவது பதிவாகட்டும்.)

பாட்டுப் போட வாடகைக்கு எடுத்திருந்த ஸ்பீக்கரும் மைக்கும் இருந்தன. கணவர் மைக்கைக் கொண்டுவந்து கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்தார். எனக்குத் தெரிந்தது ஒரே மெட்டு. அதைத் தொடங்கினேன்.

டொம். விக்கி விக்கி ஒரு சுரம். டொம்.

சபை அடங்கியது. தியா உடனே அடங்கினாள், கண் சொருகியது. தைரியம் வந்து மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இருவர் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கரைந்துபோகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசித்தேன். விமலாம்மா தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் வாசலில் ஓர் அலறல். தெருமுனையிலேயே ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுவிட்ட பெரிய மாமா செருப்பை ஒரு பக்கமாக உதறிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ வசந்தா! நேத்துகூட போன்ல பேசினியேம்மா! பொண்ணு கல்யாணத்த பாக்காம போய்ட்டியே!"

வசந்தா என்பது என் அத்தை. காபி டிரேயோடு அவர் எதிரில்தான் நின்றிருந்தார்.

"மாமா, நான் இங்க இருக்கேன்" என்றார் அத்தை.

பெரிய மாமா அத்தையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். "அப்ப யாரு போனது? எதுக்கு மாஸ்டரு பேண்டோட சாவு மெட்டு கேக்குது?"

என் கை அப்படியே நின்றது. தியா விழித்து அழுதாள். டேவிட் மாஸ்டரின் பேண்டு திமிரியிலிருந்து நாட்றம்பள்ளி வரை எல்லா ஊர்ச் சாவுக்கும் போகும் என்பதும், அப்போது வாசிப்பது இந்த மெட்டுதான் என்பதும் அந்த ஹாலில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.

விமலாம்மா எழுந்துவிட்டார். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே சாவு மோளமா? எழுந்திருடா கார்த்தி."

தீபாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது இடமும் போய்விட்டது, அதுவும் என்னால். அரக்கோணத்துக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட்டது.

"ஒக்காரும்மா விமலா" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் தாத்தா. எண்பது வயதிருக்கும். அதுவரை வாயைத் திறக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர். "இங்க வயசுல பெரியவன் நான். எனக்கே பயம் இல்ல, உனக்கு இன்னா?"

"அபசகுனம் மாமா!"

"உன் கல்யாணத்துக்கு யாரு பேண்டு?"

"யாருக்கு ஞாபகம்?"

"மாஸ்டரோட அப்பன். இன்னா மெட்டு? இதே மெட்டு. சாவுன்னா மெதுவா, கல்யாணம்னா ஸ்பீடா. இதத்தான் ஊதினு உன்ன மண்டபத்துக்குள்ள இட்டுனு வந்தான். முப்பது வருசமா நல்லாத்தானே இருக்கற?"

விமலாம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் அன்று பேசிய ஒரே வார்த்தை, "ஆமா."

"நான் நம்ப மாட்டேன்" என்றார் விமலாம்மா. "ஸ்பீடா வாசிக்கச் சொல்லுங்க, பாப்பம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணி பதினொன்று நாற்பது. வாழ்நாளில் அந்த மெட்டை நான் முழு வேகத்தில் வாசித்ததில்லை.

தொடங்கினேன். மூன்றாவது சுரத்தில் விரல் வழுக்கியது. மறுபடி தொடங்கினேன். இந்த முறை சரியான கம்பிகளுக்குப் பக்கத்துக் கம்பிகளில் வாசித்தேன். "இது கல்யாணமும் இல்ல, சாவும் இல்ல. ஆக்சிடென்ட்டு" என்றார் விமலாம்மா. தாத்தா கைத்தடியால் தரையில் தாளம் போட்டார். கார்த்திக் ஸ்டூலைக் கவிழ்த்துத் தட்டினான். பெரிய மாமா, தான் அழுததற்குப் பிராயச்சித்தம் போல, அத்தையின் கையிலிருந்த காலி டிரேயைப் பிடுங்கிக் கரண்டியால் அடித்தார். தீபா, மணப்பெண், பட்டுப்புடவையில் நின்றபடி கிளாரினெட் பகுதியை வாயாலேயே 'பேபே பேபே' என்று பாடினாள். பின் சந்துப் பயிற்சியைக் கேட்டே வளர்ந்தவள், ஒரு சுரம் தப்பவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். எல்லாவற்றுக்கும் மேலே தியாவின் அழுகை, டிரம்பெட்டுக்குக் குறைவில்லாமல்.

மூன்றாவது சுற்றில் விமலாம்மாவின் தலை மெல்ல ஆடியது. "இருங்க... இருங்க... ஆரத்தி எடுத்தப்ப இதான் வாசிச்சாங்க" என்றார். முகம் சிவந்துவிட்டது. "இவர் என் கால மிதிச்சாரு."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தட்டு மாறியது. டிரே நசுங்கிவிட்டது.

தீபாவுக்குக் கல்யாணமாகி இப்போது இரண்டு வருடம். எங்கள் இரு வீட்டிலும் யாராவது மெதுவாக நடந்தால், மெதுவாகச் சாப்பிட்டால், "அனிதா ஸ்பீடுல போற" என்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. அன்று கிளம்பும்போது தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, எனக்கு பேண்டு வேணாம். நீதான் வந்து வாசிக்கணும். ஆனா நடுவுல ரெண்டு எடத்துல தப்பு இருக்குது, சரி பண்ணிக்கோ. நீ சரியா வாசிக்காம நான் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் வீடியோ காலில் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். கடமை என்று வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தினமும் பழகி, ஒரு தப்பைச் சரி செய்துவிட்டேன். போன மாதம் கேட்டுவிட்டு, "பரவால்ல, ஒண்ணு போய்ட்ச்சு" என்றார்.

அவர் போனை வைத்த இரண்டாவது நிமிடம் விமலாம்மாவிடமிருந்து போன்.

"அனிதா, உனக்குப் புண்ணியமா போவும். அந்த இன்னொரு தப்ப மட்டும் அப்டியே விட்டுடும்மா."