மாப்பிள்ளையின் காலாவதியான போத்தல்

அக்குறணை,
25.01.2026, ஞாயிறு

அன்பின் ஸாகி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி, உங்கள் கூடப்பிறந்த தாத்தா றம்லத்தும் மகள் இல்மாவும் சுகம். கட்டாரில் உங்கள் உடம்புக்கும் ஒரு குறையும் வராதிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். நிற்க, வெள்ளிக்கிழமை உங்கள் தாத்தா அழுதுகொண்டே அனுப்பிய வொய்ஸ் மெசேஜைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நீங்கள் பேசிக் கொண்டுவந்த மாப்பிள்ளை கெட்ட பழக்கக்காரன் என்று அவள் சொன்னது பாதிக் கதை. நான் வொய்ஸ் போட்டால் அவள் நடுவில் புகுந்துவிடுவாள் என்பதால் மீதியைத் தாளில் எழுதுகிறேன். இல்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

போன ஞாயிறு மாப்பிள்ளை இன்ஷாப் தாய் தகப்பனோடு பெண் பார்க்க வந்தார். நல்ல மழை. நனைந்த கோட்டைக் கதிரையில் போட்டவர், மழை விட்டதும் மறந்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளி காலை உங்கள் தாத்தா அதை அயன் பண்ணி மினுக்குவதற்காக அதன் பைக்குள் கைவிட்டால், விரல் நீளத்தில் ஒரு போத்தல், அதில் ஒரு மாம்பழப் படம். இந்தக் காலத்தில் பையில் அத்தர் வைத்திருக்கும் பிள்ளையா என்று எனக்கு மனம் குளிர்ந்துபோனது. மருமகனாக வரப்போகிறவருடைய சாமான்தானே என்று மூடியைத் திருகினேன். பிளாஸ்டிக் வளையம் ஒன்று கிறீச்சென்று அறுந்தது. கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் தாராளமாகப் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன் மச்சான். குத்பா பாதியில் தலை சுற்றத் தொடங்கியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பொடியன் இரண்டு தரம் மோந்து பார்த்தான். தொழுகை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஹாஜியார், இது அத்தரில்ல, வேப்புக்கு, அதான் பெட்டரி சிகரட்டுக்கு, ஊத்துற தண்ணி. நிக்கொட்டின் ஈக்கிது, சோப் போட்டுக் கழுவுங்க" என்றான். மூன்று தரம் கழுவினேன். மாம்பழம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு லேபலை வாசித்தேன். காலாவதித் திகதி, 2025 டிசம்பர். என் கடையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் திகதி முடிந்த ஒரு பிஸ்கட்டும் என் தட்டில் நின்றதில்லை. எங்கள் வீடே நாளைக்கு முடியப்போகும் யோகட்டைத் தின்று வளர்ந்த வீடு. மாமனாக எனக்குக் கோபம். ஆனால் கடைக்காரனாகச் சின்ன ஆறுதல், திகதி முடிந்ததை யார் குடிப்பார்கள்? உங்கள் தாத்தாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. "காலாவதியான சாமான பையில வெச்சிட்டுத் திரியிறவன் எங்கட புள்ளய எப்பிடிப் பாப்பான்?" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த வொய்ஸ்.

விஷயம் தெரியாமல் ஒரு சம்பந்தத்தை முறிக்கக் கூடாதென்று பின்னேரமே போத்தலோடு கண்டிக்கு பஸ் ஏறினேன். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போன் கவர் விற்கும் மாடிக் கடை ஒன்றில் கேட்டபோது கடைப் பொடியன் பாடமே எடுத்தான். செய்த நாளிலிருந்து இரண்டு வருஷம் தாங்குமாம், வெயிலும் வெளிச்சமும் படக் கூடாதாம், பழசானால் பிளேன்டீ நிறத்துக்கு வந்து ருசியும் செத்துவிடுமாம். எங்களுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். முதல்முறை என்றால் கிறேப்ஸ் ருசியில் மெதுவாகத் தொடங்கலாம் என்று எனக்கே ஒன்றை நீட்டினான். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

நேற்று கோட்டை எடுக்க இன்ஷாப் வந்தார். உங்கள் தாத்தா குசினியை விட்டு வெளியே வரவில்லை. நான் போத்தலை பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முகம் வெளுக்கும் என்று பார்த்திருந்தேன். அவரோ போத்தலை எடுத்து அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதத் தொறந்தது யாரு மாமா?"

மச்சான், குற்றவாளி நான்தான் என்று அந்த நிமிஷம் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முந்தி அவர் கடைசியாக வாங்கிய போத்தலாம் அது. வாங்கிய அன்றே பழக்கத்தை விட்டுவிட்டாராம்.

"தொறக்கணும் போல வந்தா திகதியப் பாப்பன் மாமா. அது முடியிற வரைக்கும் பொறுத்தாப் போதும், பொறகு குடிக்கவும் ஏலாதுதானே."

இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை தொடாமல் வைத்திருந்த மூடியை நான் ஒரு நிமிஷத்தில் உடைத்து, ஜும்ஆவுக்குப் பூசிக்கொண்டு போயிருக்கிறேன். மறைக்காமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல மாமா. எப்பிடி மணந்திச்சி? ரெண்டு வருஷமா எனக்கும் ஒரே யோசனதான்."

குசினிக்குள்ளிருந்து உங்கள் தாத்தா தானாகவே வட்டிலப்பத்தோடு வெளியே வந்தாள், கண் சிவந்திருந்தது. ஒன்றுக்கு இரண்டு துண்டாக வைத்தாள். இப்படி மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளையை எங்கே தேடினாலும் கிடைக்காது மச்சான். முன்பின் தெரியாத இடம் என்று நான் தயங்கியதை மன்னியுங்கள். நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை நிகாஹ். இப்போதே லீவு கேட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரகத் செய்வானாக. அறைக்கூட்டாளிமார் எல்லோருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் பாயிஸ்

பி.கு.: படம் பிடிக்கக் கொடுத்த கடிதத்தை இல்மா முழுதாக வாசித்துவிட்டாள். "வாப்பா, ஒரு பிழை ஈக்கிது. அது அவர்ட யோசனையில்ல, என்ட" என்கிறாள். திகதி முடியும் வரை திறக்காமல் வைத்திருந்தால்தான் பெண் கேட்டு வரலாம் என்பது அவள் போட்ட நிபந்தனையாம். போன ஞாயிறுதான் முதல்முதல் பார்த்த மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி எப்படி நிபந்தனை போட்டாய் என்று கேட்டேன். "ஸாகி மாமாட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போத்தல் டிசம்பரில் முடிந்திருக்கிறது. ஜனவரி முதற்கிழமையே, கூட்டாளி ஒருவர் மூலம் கிடைத்த சம்பந்தம் என்று நீங்கள் போன் எடுத்தீர்கள். தாத்தாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் ஒரு வொய்ஸ் போடுங்கள், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.