கை காட்டினால் நின்றுவிடும் கிரேன் நைனா

சென்னை மாநகரத்தில் 'நில்' என்றால் நிற்கிற ஒரே மனிதர் எங்கள் ராயபுரம் கிரேன் நைனாதான். சிவப்பு விளக்குக்கே யாரும் நிற்காத ஊர் இது. நைனாவுக்கு எதிரே யாராவது கையைத் தூக்கினால் போதும், எடுத்த அடியைக் கீழே வைக்க மாட்டார்.

ஹார்பரில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. கீழே நிற்பவரின் கையை நம்பித்தான் கொக்கியை இறக்க வேண்டும். 'இறக்கு', 'தூக்கு' என்று காட்ட ஒரே ஒரு ஆள்தான். ஆனால் 'நிறுத்து' என்று யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும்.

"டீ விக்கிறவன் காட்னாலும் நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது. கேக்குற நேரத்துல கீழ ஒருத்தன் பூடுவான்" என்பார்.

ரிட்டயர் ஆன பிறகும் அதே சட்டம்தான். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ தண்ணீர் பாட்டிலுக்குக் கை தூக்க, பிரியாணிக் கவளத்தோடு நைனா பாதியில் நின்றுவிட்டார். நிறுத்தியவரேதான் விடவும் வேண்டுமாம். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, "சாப்பிடுங்க" என்று சொல்ல வைத்தார் அவர் மனைவி ரோசி அக்கா.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்லீரலில் ஒரு கட்டி. அரைநெல்லிக்காய் அளவு. புற்றுதான், ஆனால் ஆரம்பம். டீக்கடையில் அதை எனக்குச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"ஒண்ணும் பேஜாரு இல்ல வாத்யாரே. ஸ்கேன்ல பாத்துகினே ஊசிய உள்ள வுட்டு, கட்டிய மட்டும் சுட்டுடுவாங்களாம். மறுநா வூட்டுக்கு வந்துடலாம். கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொக்கி எறக்குற வேலதானே!"

நான் பத்திரிகையில் எழுதுகிறவன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை.

"நிறுத்துங்க நைனா!" என்றேன், கையைத் தூக்கி. "வயித்தக் கிழிக்காம கட்டி எப்படிப் போகும்? ஊசியில சுட்டாப் போறதுக்கு அது என்ன மருவா? நான் விசாரிச்சுச் சொல்றேன்."

விசாரிக்கவில்லை. ஒரு வாரம் கட்டுரை, மறுவாரம் மழை. சத்தியமாக மறந்தே போனேன்.

ஆறு வாரம் கழித்து ரோசி அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"யோவ், நீ இன்னா டாக்டரா? ஆஸ்பத்திரில தேதி குடுத்தும் இந்தாளு போவல. கேட்டா, வாத்யாரு நிறுத்து காட்டிக்கீறாரு, அவரு வுட்டாத்தான் போவேன்றாரு. ஆறு வாரமா உன் வாயப் பாத்துகினு குந்திகினு கீறாரு!"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலாம். ஓடிப்போய், "கிளம்புங்க நைனா" என்றேன். சட்டை மாட்டி, ஃபைலோடு தயாராகவே இருந்தார்.

புது ஸ்கேனில் அரைநெல்லி முழு நெல்லியாகியிருந்தது. டாக்டர் முகம் சிவந்துவிட்டது.

"நல்ல வேளை, இன்னும் ஊசிக்கு அடங்குற அளவுதான். இதுக்கு மேல தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம். யாரு உங்களை வர வேண்டாம்னு சொன்னது?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா என்னை ஒருமுறை பார்த்தார்.

"யாரும் சொல்லல டாக்டர். எனக்குத்தான் பயமா பூட்சி."

புயல் காற்றில் ஆடுகிற கிரேனில் உட்கார்ந்து இட்லி தின்ற மனிதர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தூ, நானெல்லாம் ஒரு எழுத்தாளன்!

ஊசி இறங்குகையில், டாக்டர் மூச்சைப் பிடி என்றபோது பிடித்து, விடு என்றபோது விட்டு, மறுநாள் விலாவில் ஒரு சின்ன பிளாஸ்திரியோடு நைனா வீடு திரும்பினார். ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி செத்துக் கிடந்தது. "வாத்யாருதான் கூட்டினு போனாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்கும்போதெல்லாம் கூசிப் போகிறேன்.

வியாழக்கிழமை அடுத்த ஸ்கேன். நானும் கூடப் போகிறேன். அந்த டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்: நைனா பயப்படவே இல்லை, ஒன்றும் தெரியாமல் கையைத் தூக்கி அவரை நிறுத்தியவன் நான்தான்.