பதினேழாம் நம்பருக்காக ஒரு விரதம்

ஹம் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியை இனியும் அதன் ட்ரெய்னரை நம்பி விட்டுவைக்க முடியாது என்று சிற்றம்பலம் தீர்மானித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறிய இடம், அந்த ஜேர்மன் நகரத்தில் அகதிகளைத் தங்கவைக்கும் விடுதியான ஹைமின் பொதுச் சமையலறை. நிறைவேறிய நேரம், அவர் மனைவி கமலாம்பிகை கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நேரம். ட்ரெய்னருக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அது ட்ரெய்னருடைய துரதிர்ஷ்டம்.

சிற்றம்பலத்துக்கும் ஐஸுக்கும் இருந்த பழைய உறவு, பருத்தித்துறையில் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸோடு முடிந்துவிடும். சறுக்குச் சப்பாத்தை அவர் காலில் மாட்டியதில்லை. ஹொக்கி மட்டையைக் கையால் தொட்டதுமில்லை. அதனால் என்ன? ஊரிலும் பந்தைத் தொடாமலே உதைபந்தாட்டத்தில் கரை கண்டவர்தான் அவர். கோட்டுக்கு வெளியே நின்று அவர் போடுகிற சத்தத்தில் மத்தியஸ்தர்கள் விசிலை விழுங்கப் பார்த்திருக்கிறார்கள். அகதி வேலை செய்வதற்குத்தான் ஜேர்மனியில் அனுமதி இல்லை. அபிப்பிராயம் சொல்ல அனுமதி எடுக்க வேண்டும் என்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஐஸ் மண்டபமோ நடந்து போகிற தூரம். அங்கே கதவு காக்கிற பீலிக்ஸ் என்ற ஜேர்மன் கிழவன், ஆட்டத்தின் முதல் பகுதி முடிந்ததும், டிக்கட் இல்லாதவர்கள் நுழைய வசதியாக, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஒரு நிபுணர் உருவாக இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிபுணருக்கு ஓர் எதிர்க்கட்சியும் இருந்தது. பக்கத்து அறைக் கணேசலிங்கம். மனைவி இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியால் யாரிடமும் கேட்காமல் மட்சுக்குப் போய்வரும் பாக்கியவான்.

"ஒன்பதாம் நம்பர் கப்டன், அண்ணை. அவன்தான் கனநேரம் ஐஸிலை நிக்க வேணும்."

"அது கிழடு, கணேசலிங்கம். ரெண்டு தரம் சறுக்கினால் மூண்டாந்தரம் மூச்சு வாங்குது. பதினேழாம் நம்பர் பொடியனைப் பாரும். மின்னல்! அவனைக் கரையிலை வாங்குப் பலகையிலை குந்த வைச்சிருக்கிறான் இந்த மொக்கு ட்ரெய்னர்."

"பொடியனுக்கு அனுபவம் காணாது."

"வாங்கிலை குந்தியிருந்தால் என்ன அனுபவம் வரும்? குந்தியிருக்கிற அனுபவம்தான் வரும்!"

"இப்பத்தானே அண்ணை மட்சுகள் துடங்கினது. பொறுத்துப் பாப்பம்."

"பொறுத்தால் தை மாசம் கடைசி இடத்திலை கிடந்து பாப்பம்."

விளக்கிச் சொல்லப் படம் தேவைப்பட்டது. உரித்த கிழங்குகள் மேசையில் இருந்தன. பெரிய கிழங்கு கப்டன் ஆனது. சின்னது பதினேழாம் நம்பர். பச்சை மிளகாய்கள் எதிரணி. சின்னக் கிழங்கு மிளகாய்களை வெட்டி வெட்டி முன்னேறிய நேரத்தில் கமலாம்பிகை இரண்டு அணிகளையும் ஒரே வழிப்பில் வழித்துச் சட்டிக்குள் போட்டாள்.

"அக்கா, கப்டன்!" என்று பதறினார் கணேசலிங்கம்.

"ரெண்டு பேரும் இப்ப ஒரே நேரம் நிக்கட்டும் தம்பி. கறி கொதிக்கும் மட்டும்."

மட்சுகள் வெள்ளியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கமலாம்பிகை சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பாள். புருஷன் முழுகிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது ஒரு தடை. போன பங்குனியில் நடந்தது இன்னொரு தடை. முதல் நாள் மட்சில் கத்திய கத்தில் சிற்றம்பலம் குரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் அகதி வழக்கு விசாரணைக்குக் குறித்த டெர்மின். அதிகாரி கேள்வி கேட்கக் கேட்க இவர் வாயைத் திறந்து காற்றை விட்டார். அந்த மனிதர் இரங்கி ஓர் இருமல் மிட்டாயைக் கையில் கொடுத்து, விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து ஐஸ் மண்டபம் என்ற சொல்லே கமலாம்பிகைக்கு ஆகாது.

இதற்கெல்லாம் மேலே, வீட்டில் இன்னொரு பழைய வழக்கு நிலுவையில் இருந்தது. எண்பத்து மூன்று ஆடியில் சிற்றம்பலம் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கலவரம் தொடங்கிய பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கமலாம்பிகை அழுது அழுது, "முருகா, அவரை உயிரோடை கொண்டு வந்து விடு. ஆறு வருசம் அவரைக் கந்தசஷ்டி விரதம் பிடிக்க வைக்கிறன்" என்று நேர்ந்துவிட்டாள். முருகன் தன் பங்கைச் செய்தான். சிற்றம்பலம் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். இறங்கியவர் முதல் கேட்டது சோறு.

"என்னைக் கேளாமல் என்ரை வயித்தை எப்பிடி நேருவீர்?" என்பது அவருடைய வாதம்.

"கேக்கிறதுக்கு நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்பது அவளுடையது.

ஒவ்வொரு ஐப்பசியும் வழக்கு எடுக்கப்படும். ஒவ்வொரு ஐப்பசியும் அவர் அதைத் தள்ளுபடி செய்வார். ஆனால் அவளுக்கு இது பகிடி இல்லை. உண்மையாகவே பயந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், அகதி வழக்கு இழுபட்டாலும், கொடுக்காத நேர்த்திதான் காரணம் என்று அவள் மனம் அடித்துக்கொள்ளும். தான் மட்டும் வருடா வருடம் விரதம் பிடித்தாள். கடன் அவர் பேரில் அப்படியே கிடந்தது.

அந்த வருடம் ஐப்பசி பிறந்ததும் சிற்றம்பலத்தின் மூளையில் விளக்கு எரிந்தது. சஷ்டி ஆறு நாள். அதற்குள் ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு, இரண்டும் சொந்த ஊர் மட்ச். மற்றப் பின்னேரங்களில் அணிக்குப் பயிற்சி. ட்ரெய்னர் யாரை எவ்வளவு நேரம் ஐஸில் விடுகிறான் என்பது பயிற்சியில்தான் பிடிபடும். இன்னொரு பக்கம், ஹைமுக்கு வெளியே ரகுநாதன் என்ற பக்தர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறைக் கோயிலில் ஆறு நாளும் பின்னேரம் பூசையும் பாட்டும். வீட்டை விட்டு வெளிக்கிட இதைவிடப் புண்ணியமான காரணம் உண்டா?

"இஞ்சேரும், இந்த முறை நான் சஷ்டி பிடிக்கிறன்."

கமலாம்பிகையின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "என்னத்தை?"

"விரதம். பின்னேரத்திலை ரகுநாதன்ரை நிலவறைக்குப் போய்க் கும்பிட்டிட்டு வாறன். நீர் பிள்ளையளோடை வீட்டிலை இருந்து கும்பிடும். குளிருக்கை அதுகளை இழுக்கக்கூடாது."

"வெள்ளிக்கிழமையும் போவியளோ?"

"வெள்ளிதான் முக்கியம்."

"ஞாயிறு?"

"ஞாயிறும் முக்கியம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். சிற்றம்பலத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

பகலில் சமையலறையில் யாரிடமாவது ஒரு துண்டு பாண், பின்னேரம் ஐஸ் மண்டபத்தில் ஒரு இறைச்சிச் சொசேச், இரவு வீட்டில் விரதக்காரருக்குரிய பாலும் பழமும். இதுதான் அவருடைய விரத ஏற்பாடு. ஐஸ் மண்டபத்துக் கூரை தாண்டி முருகன் பார்வை வராது என்று அவர் நம்பினார். முதல் நாள் மத்தியானத்துக்குள் அவர் விரதம் பிடிக்கிற விஷயம் ஹைம் முழுக்கப் பரவிவிட்டது. சமையலறைக்குள் அவர் தலை தெரிந்ததும் மேல் மாடிக் கலாதேவி சட்டிகளையெல்லாம் மூடினாள். "அண்ணைக்கு மணம் படக்கூடாது" என்று ஜன்னலையும் திறந்துவிட்டாள். கத்தோலிக்கரான ஜேசுரட்ணம் கூடத் தன் மீன் பொரியலைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு துண்டு பாண் கேட்க வாய் எடுத்த இடத்தில் எல்லாரும் கை கூப்பினார்கள். சிற்றம்பலம் பச்சைத்தண்ணீரைக் குடித்துவிட்டு அருள் பாலித்தார்.

பின்னேரம் நெற்றி நிறைய விபூதியோடு வெளிக்கிட்டு நேரே ஐஸ் மண்டபம் போனார். சொசேச் வாங்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன நேரம், கணேசலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, என்ன வேலை இது? சஷ்டியெல்லே!"

"உமக்கென்ன? விடும்!"

"நான் பக்கத்திலை நிண்டுகொண்டு உங்களைப் பாவத்திலை விடவோ?" என்று அதைப் பறித்துத் தன் வாய்க்குள் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்த நாளும் அதே பக்தி, அதே மெல்லல். ஒன்பதாம் நம்பரைத் தலையில் தூக்கி வைக்கிறவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும் என்று சிற்றம்பலம் வயிறெரிந்தார். எரிவதற்கு வயிற்றில் வேறெதுவும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மட்ச். மண்டபம் நிறைந்த சனம். சிற்றம்பலம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கடைசிப் பகுதியில் கப்டன் ஒருவனை மட்டையால் தட்டிவிட்டுத் தண்டனை வாங்குக்குப் போனான். ட்ரெய்னருக்கு வேறு வழியில்லை. பதினேழாம் நம்பர் வாங்கை விட்டு எழும்பினான்!

"பாத்தீரோ! பாத்தீரோ! நான் சொன்னனானெல்லே!" என்று சிற்றம்பலமும் எம்பினார். பொடியன் ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு எதிரணிக்குள் பாய்ந்ததைக் கண்டார். அதோடு ஐஸ் கறுத்தது. விளக்குகள் கறுத்தன. நெற்றி கம்பியில் போய் மோதியது.

கண் திறந்தபோது மண்டபம் அதிர்ந்துகொண்டிருந்தது. கணேசலிங்கம் கழுத்துத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கோல்... ஆர் அடிச்சது?"

"கப்டன்."

"கப்டன் தண்டனையிலை எல்லே இருந்தவன்?"

"அவன் அதுக்குள்ளை வந்திட்டான் அண்ணை. நீங்கள்தான் கனநேரம் கிடந்தனீங்கள்."

சாட்சிக்கு ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரரிடம் கேட்க அவருடைய ஜேர்மன் காணாது. ஐந்து கிழமை எந்தப் பொடியனுக்காக வாதாடினாரோ, அவன் அடித்திருக்கக்கூடிய கோலை அவர் கண்ணால் காணவில்லை. அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் கமலாம்பிகை சூடான பாலோடு காத்திருந்தாள்.

"பாட்டு எப்பிடி இருந்தது?"

"நல்ல பாட்டு. கடைசியிலை எல்லாரும் எழும்பி நிண்டு சத்தம் போட்டவை."

"சாமிக்கு முன்னாலையோ?"

"பக்தியிலை."

"நெத்தியிலை என்ன வீக்கம்?"

"விழுந்து கும்பிட்டனான்."

அவள் வீங்கின இடத்தில் எண்ணெய் தடவிவிட்டாள். அந்தக் கையின் பதமையில் தன்னுடைய கெட்டித்தனத்தை அவரே வியந்துகொண்டார். ஞாயிறும் அப்படியே போனது. அன்று மயங்கவில்லை. ஆனால் பதினேழாம் நம்பர் கடைசி வரை வாங்கை விட்டு எழும்பவுமில்லை.

ஆறாம் நாள் பாலும் இல்லை, பழமும் இல்லை. முழு உபவாசம். பயிற்சிக்கு வெளிக்கிடப் போனால், கமலாம்பிகை நல்ல சேலை உடுத்து, பிள்ளைகளுக்குக் குல்லா போட்டு, வாசலில் நிற்கிறாள்.

"இண்டைக்குச் சூரன் போர். நாங்களும் வாறம்."

"குளிர்..."

"முருகன் பாத்துக்கொள்ளுவார்."

வழி முழுக்க அவர் மெல்ல மெல்லத்தான் நடந்தார். பசியில் பாதி, பயத்தில் பாதி. ஆறு நாளில் ஒரு தரமாவது போயிருந்தால் நிலவறைக்கு எந்தப் பக்கத்தால் இறங்குவது என்றாவது தெரிந்திருக்கும். கமலாம்பிகை தெரியாதவள் மாதிரி நின்று அவர் பிழையான கதவைத் தள்ளுவதைப் பார்த்தாள். பிறகு சரியான கதவைத் திறந்துகொண்டு முன்னே போனாள்.

உள்ளே ரகுநாதன் காட்போர்ட் சூரனுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ அக்கா, உங்கடை இடம் முன்னுக்கு அப்பிடியே கிடக்கு. கலாதேவியோடை விட்டிட்டு வாற பிள்ளையளையும் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டியள். நல்லது." இவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர்?"

"இவர்தான் என்ரை அவர்."

"அட, அண்ணையோ! அறையுக்கை இருந்து கும்பிடாமல், ஐஸ் குளிருக்கை தனிய நிண்டு, மயங்கி விழுந்தும் ஒரு வாய் தின்னாத மனிசன் எண்டு அக்கா ஒவ்வொரு நாளும் சொல்லுறவா!"

சனம் திரும்பிப் பார்த்தது. சில பெண்கள் எழும்பி வழி விட்டார்கள். ரகுநாதன் அவரைக் கையில் பிடித்து முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாருக்கும் கேட்க அறிவித்தார்: "அண்ணைக்கு இது முதலாம் வருசம். இன்னும் அஞ்சு வருசம், இதே மாதிரி!"

"அரோகரா!" என்றது நிலவறை. கணேசலிங்கத்தின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

திரும்பி வரும்போது பிள்ளைகள் முன்னே ஓடின. சிற்றம்பலம் கமலாம்பிகையின் பக்கத்துக்கு வந்தார்.

"சொசேச்சைப் பறிக்கச் சொன்னதும் நீர்தானோ?"

"பறிக்கத்தான் சொன்னனான். தின்னச் சொல்லேல்லை. அந்த வேலைக்கெண்டு தம்பிக்கு இரவிலை தோசையும் குடுத்தனான், வீணாப் போச்சு."

"அப்ப முதல் நாளே உமக்குத் தெரியும்."

"ஓம். வெள்ளியும் ஞாயிறும் முக்கியம் எண்டவுடனையே விளங்கீட்டுது. பிறகு நிலவறையிலை நான் முன்னுக்கெல்லே இருந்தனான்."

சிற்றம்பலம் நின்றுவிட்டார். "தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீர்?"

கமலாம்பிகை அவருடைய மேற்சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிவிட்டாள்.

"பேசியிருந்தால் வீட்டிலை இருந்து சாப்பிட்டிருப்பியள்."