கொச்சி துணை

கொச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது.

பிச்சுமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பழைய மேப்பில் மேலே கோழிக்கோடு இருந்தது. கீழே கொல்லம் இருந்தது. நடுவில், அவர் பிறந்ததிலிருந்து குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஊரை மட்டும் பூச்சி தின்றிருந்தது. ஓட்டை வழியாக அவர் மனைவி மீனாக்ஷியின் முகம் தெரிந்தது.

"இதையா வாங்கிண்டு வந்தேள்?"

"கடையில ஒரே இருட்டு. மழை வேற."

"போன வருஷம் உங்க அறுபதுக்கு அவர் என்ன தந்தார், ஓர்மை இருக்கா?"

ஓர்மை இருந்தது. அதுதான் சங்கடம். சிநேகிதர் சிவசங்கரன் தந்தது வெள்ளி மூக்குப்பொடி டப்பி. மூடியில் பிச்சுமணியின் பெயரோடு, அவர் வேலை பார்த்த மிளகுக் குடோனை நினைத்து ஒரு மிளகுக் கொடியும் பொறித்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சிவசங்கரன் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிச்சுமணி தந்ததோ ஒரு சுவர்க்கடிகாரம். அது முகூர்த்தத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சுடும்.

சிவசங்கரன் இருப்பது பிச்சுமணியின் அப்பா கட்டிய பின்பக்கத்து வீட்டில். வாடகைக்குத்தான் இருக்கிறார், ஆனால் குடித்தனக்காரர் என்று யாராவது சொன்னால் பிச்சுமணிக்குக் கோபம் வரும். "இருபது வருஷத்துல ஒரு ஆணி அடிச்சுத் தான்னு கேட்டதில்லை. அப்படியொரு மனுஷன். அதோட, எங்கப்பா கட்டின வெட்டுக்கல் வீடாக்கும், குறை சொல்ல என்ன இருக்கு?" என்பார்.

சிவசங்கரனுக்கு மேப் என்றால் பிராணன். கூடத்தில் ஆசியா, சமையலறையில் ஐரோப்பா, கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஆஸ்திரேலியா. கட்டிலுக்கு நேர் மேலே, மச்சுப் பலகையில் தென்னமெரிக்கா. "படுத்துண்டே பாக்கலாமோல்லியோ" என்பார். எந்த மேப்பும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காது, புதுசு வந்துவிடும். இவ்வளவு விஷயஞானம் உள்ளவர் தன் வீட்டில் இருக்கிறார் என்று பிச்சுமணி குடோன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

"அவா கோயம்புத்தூருக்குப் போய்ப் பிள்ளையோட இருந்துடலாமான்னு ஆலோசிக்கறாளாம். அவர் ஆம்படையா சீதாலக்ஷ்மி இன்னிக்கும் பறைஞ்சா" என்றாள் மீனாக்ஷி.

சாயங்காலக் காப்பிக்குப் பிச்சுமணிக்கு வேறு ஆள் கிடையாது. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஒரு நல்ல பரிசு அதைச் சொல்லிவிடும் என்று நம்பித்தான் ஜூ டவுன் பழஞ்சாமான் கடைக்குப் போனார். இப்போது அந்தப் பரிசு ஓட்டை வழியாக அவரையே பார்த்தது.

சிவசங்கரனின் அறுபதாம் கல்யாணம் நாளை மறுநாள். குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினார்.

"சுவாமி, பழைய சாதனம் அல்லே" என்றார் கடைக்காரர். "ஓட்டை இல்லேங்கில் அது பழசே இல்லா. வேணுமெங்கில் தோப்பும்படியில் ஒரு தமிழன் உண்டு, நன்னாயிட்டு படம் வரைக்கும். அவனைக்கொண்டு அடைச்சால் அது மதி, தாராளம்."

அந்தத் தமிழன் சங்கிலிப்பாண்டி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, மீன்பிடி போட்டுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுகிறவன்.

"ஓட்டையை அடைச்சு, அது மேல சின்னதா கொச்சின்னு எழுதணும். அவ்வளவுதான்" என்றார் பிச்சுமணி.

"கவலைய விடுங்க சாமி. எத்தன போட்டு ஓட்டைய அடைச்சிருக்கேன்."

அந்தப் பதிலிலேயே பிச்சுமணி உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மறுநாள் போனபோது மேப் பலகைபோல விறைத்து நின்றது. பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் ஒட்டியிருந்தது. முன்பக்கம், அரபிக்கடலில் தொடங்கி ஆலப்புழையைத் தாண்டி, சிவப்பு எழுத்தில் மஞ்சள் நிழல் கொடுத்து 'கொச்சி துணை' என்று எழுதியிருந்தது.

"துணை யாரு கேட்டா?"

"கை தானாப் போயிருச்சு சாமி. எந்தப் பேர எழுதுனாலும் துணைன்னு முடிச்சுத்தான் பழக்கம். அது இல்லாம எப்படிக் கடலுக்கு அனுப்புறது?"

"இது கடலுக்குப் போகலைப்பா."

"போனாலும் ஒண்ணும் ஆகாது. போட்டு வார்னிஷ், ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்."

சுருட்ட முடியாத அந்த மேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பிச்சுமணி பஸ் ஏறினார். ஏதோ சாமி படம் என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஒரு அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிச்சுமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் 'துணை'யை மட்டும் எடுத்துவிடலாம் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். வார்னிஷ் அசையவில்லை, மேப் இன்னும் பளபளத்தது. பிளேடு எடுத்தார். ஓரத்தில் ஆரம்பித்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தது தப்பு.

மீனாக்ஷி எட்டிப் பார்த்தாள். "இலங்கையைக் காணலையே?"

"பிளேடோட வந்துடுத்து."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தாரும் மண்ணெண்ணெயும் மீனும் கலந்த வாசனை கூடத்தில் நிரம்பியிருந்தது.

"பேசாம அந்த எவர்சில்வர் வாளியைக் கொடுத்துடலாம்" என்றார் பிச்சுமணி.

"அது நம்ம பெண்ணோட நாத்தனார் தந்தது. பெரிசா உங்க பேரு வெட்டியிருக்கு."

அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வயசில் ஒரு சிநேகிதனுக்கு ஒரு சாமான் ஒழுங்காக வாங்கத் தெரியவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

விடிந்தது. மழை கொட்டியது. பின்பக்கத்து வீட்டில் ஆபீஸ்காரர்களும் உறவுக்காரர்களுமாகக் கூட்டம். சிவசங்கரனும் சீதாலக்ஷ்மியும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பிச்சுமணி மேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பக்கவாட்டாக நடந்து உள்ளே வந்தார். ஆஸ்திரேலியாவின் பக்கத்தில் சுவரைப் பார்க்கச் சாய்த்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவதாக உத்தேசம்.

"எடோ பிச்சுமணி, பின்னால என்னதது?" என்றார் சிவசங்கரன்.

"ஒண்ணுமில்லை."

"எனக்கா? கொண்டா இங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தார். சாஸ்திரிகள் எட்டிப் பார்த்து, மந்திரம் சொன்ன அதே குரலில், "கொச்சி துணை" என்று வாசித்தார். ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். இலங்கை எங்கே என்று ஒருவர் கேட்டார். அவர்கள் பார்வையிலிருந்து தப்ப இடமில்லாமல், பிச்சுமணி ஒரு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நன்னா ஒரு மேப் தரணும்னு நினைச்சேன்" என்றார். "நீ கோயம்புத்தூருக்குப் போகாதேன்னு பறையத் தெரியலை. அதுக்குப் பதிலாத்தான் இது. இதுவும் இப்படி ஆயிடுத்து. எனக்கு மானம் போறது, சிவசங்கரா."

சிரிப்பு நின்றது. சிவசங்கரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்திலும் என்னவோ ஒரு வெட்கம் இருந்தது. பிச்சுமணிக்கு அது புரியவில்லை.

சீதாலக்ஷ்மி மேப்பை வாங்கினாள். விரலால் தட்டினாள். திருப்பி, தார்ப்பாயைத் தடவினாள். பிறகு பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, எல்லாரும் பார்க்க, அரபிக்கடலின் மேல் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது.

"சீதே, வேண்டாம்" என்றார் சிவசங்கரன் மெல்ல.

அவள் காதில் அது விழவில்லை. மாலை மாற்றியபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"இங்க பாருங்கோ, ஒரு துளி இறங்கலை! பேப்பர் மேப்பெல்லாம் ஒரு மழைக்கே ஊறிக் கிழிஞ்சுபோறது. இதைக் கட்டிலுக்கு மேல ஆணி அடிச்சுட்டா தலையில ஒழுகாது, இனி நாம கோயம்புத்தூருக்குப் போகண்டாம்."