நான்கு நாற்காலி வீடு

லக்ஸம்பர்க்,
பிப்ரவரி 1966

அன்பு மகள் மார்கோவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால்வலியும் பிடிவாதமும் அதைவிட நலம். ட்ரியரில் நீயும் மாப்பிள்ளை டீட்டரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பிரான்ஸ் கோபித்துக்கொண்டு ஏழு மாதமாக ஐரோப்பியக் கூட்டத்துக்கு வராமல், அதன் நாற்காலி காலியாகக் கிடந்ததே, போன மாதம் நம் ஊர் நகரமன்றத்தில்தான் சமாதானம் ஆனது. ஆறு நாடுகளில் நம்முடையதுதான் சின்னது. யாரையும் மிரட்ட நமக்குத் தெம்பில்லை என்பதால் எல்லாரும் நம்மை நம்பி வந்தார்கள். கதவருகே நின்று காபி கொடுத்தவன் நான். கடைசியில் என்ன முடிவு தெரியுமா? எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் சேர்ந்து வேலை பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்! எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே இது புரிந்ததே என்று வீட்டுக்கு வந்த கையோடு உன் அம்மாவுக்கும் ஜெர்மன்கார மாப்பிள்ளைக்கும் நடுவே நானும் நடுவர் ஆகிவிட்டேன், அங்கே போட்டிருந்தது போலவே மேசையில் பச்சைத் துணி விரித்தேன், அது உன் அம்மா பாவாடை தைக்க வாங்கிய துணியாம், அதில் காபியையும் கொட்டினேன்.

"பெர்த்தா, நீ அவனை ஏத்துக்க வேணாம். மார்கோவும் அவனை விட வேணாம். அப்படியே இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை சேர்ந்து சாப்பிடுவோம்" என்றேன்.

"இதுல ஜெயிச்சது யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப துணியைத் துவைங்க."

"யுத்தம் முடிஞ்சப்ப டீட்டருக்கு அஞ்சு வயசுடி!"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நல்ல பையன்தான். ஆனா அவன் வாயைத் திறந்தா, என் தம்பியை இழுத்துட்டுப் போக வந்தவங்க குரல்தான் கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

நம் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் உன் மாமா ஜெம்பிக்குத் தங்கள் பட்டாளத்து உடுப்பை மாட்டி ருஷ்யாவுக்குச் சண்டைபோட அனுப்பினார்கள். திரும்பவில்லை. நம் நான்கு நாற்காலிகளில் அவனுடையதில் இன்றுவரை யாரும் உட்கார்ந்ததில்லை என்பது உனக்கே தெரியும். நான் துணியைத் துவைக்க எடுத்துப் போனேன். ஆறு நாட்டுக்குப் போதுமான சமாதானம் ஒரு சமையலறைக்குப் போதவில்லை, மகளே. ஞாயிறு வர வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் அவர்மேல் குற்றமில்லை என்று சொல். வயிற்றில் இருக்கும் குட்டிக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா நிகோலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அம்மா பிடுங்கிப் படித்துவிட்டாள். மேலே எழுதியதை மறந்துவிடு. ஞாயிறு இருவரும் வாருங்கள். ஒரே நிபந்தனை, ஜெம்பியின் நாற்காலியில் டீட்டர் உட்காரக் கூடாது. "இருக்கறதே நாலு, அவர் எங்க உக்காருவாரு?" என்றேன்.

"உங்க நாற்காலியில. ஊருக்கெல்லாம் நின்னு பழக்கம்தானே? வீட்லயும் நில்லுங்க" என்றாள்.

நிற்கிறேன், மகளே. காபி கொடுக்க அதுதான் வசதி.