நிமிர்ந்தால் சயாம்

எனக்கு மூட்டுவலி வந்த நாளும் நேரமும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. வரவழைத்தவனே நான்தானே! ஜப்பான்காரன் கணக்கில் 2603ஆம் வருஷம், நம் கணக்கில் 1943. ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அதுவும் டோக்கியோ மணி. மலாக்காச் சூரியனுக்கு அப்போது ஏழரைதான் ஆகியிருந்தது.

காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு லேபர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி நோட்டுப் புத்தகத்தோடு வருகிறான் என்று செய்தி வந்துவிட்டது. சயாம் தேசத்துக் காட்டில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு, டாக்டர் உண்டு என்றார்கள். அப்படிச் சொல்லித்தான் நாலாம் வீட்டு ஜெயபாலனை லோரியில் ஏற்றினார்கள். நாலு மாதம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. ஆளும் வரவில்லை, ஒரு கடிதாசியும் வரவில்லை. லோரிச் சத்தம் கேட்டால் அவன் பெண்சாதி கோகிலா மட்டும் வாசலுக்கு ஓடி வருவாள். நாங்களெல்லாம் உள்ளே ஓடுவோம்.

நான் வீரன் அல்ல. பெண்டஹாரா கடைத்தெரு ஜவுளிக்கடை ஒன்றில் பதினாறு வருஷம் துணி கிழித்தவன். யுத்தம் வந்து துணியே இல்லாமல் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து சாய்வு நாற்காலியின் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கொண்டுபோய்க் காட்டில் தண்டவாளம் தூக்கச் சொன்னால் தண்டவாளத்துக்குத்தான் அவமானம்.

ஆகவே நோயாளியாகிவிடுவது என்று தீர்மானித்தேன். என்ன நோய் என்று தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ஒன்று தயாராக இருந்தது.

என் மனைவி சிவகாமசுந்தரிக்குப் பெயர்தான் நீளம், பேச்சு ரொம்பக் குறைவு. நாலு வருஷமாக அவளுக்கு மூட்டுவலி. காலையில் விரல்கள் மடங்காது. தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமானால் கதவு நிலையைப் பிடித்து, "முருகா" என்று ஒரு மூச்சு விட்டு, பாதியில் நின்று, அப்புறம்தான் முழுசாக எழுவாள். இரண்டு குடம் தண்ணீர் இறைத்தால் முகம் வெளுத்துவிடும். "ரொம்ப ஓய்ச்சலா இருக்குங்க" என்பாள். "வயசாகுதில்ல" என்பேன். அவளுக்கு அப்போது முப்பத்தாறு. எனக்கு நாற்பத்து மூன்று. எனக்கு வயசாகவில்லை.

கணேசமூர்த்தி வாசலில் வந்து நின்றான். நான் கதவு நிலையைப் பிடித்தேன். "முருகா" என்றேன். பாதியில் நின்றேன்.

"என்னாச்சுண்ணே? போன வாரம் பாசார்ல குதிரையாட்டம் நடந்தீங்க?"

"அது போன வாரம் தம்பி."

"ஒரே வாரத்துலயா?"

"வர்ற நோவு நாள் பாத்தா வரும்?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரி, மூட்டுவாதம்னு போடுறேன். ஆனா பென்சில்லதான் போடுறேன். ஜப்பான் துரை நேர்ல வந்து பாத்தாத்தான் மையில எழுதுவாங்க. அவருக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா ரப்பர் போட்டு அழிச்சிட்டு, அப்பவே லோரியில ஏத்திருவாங்க."

"எப்ப வருவாரு?"

"சொல்லிக்கிட்டா வருவாங்க?"

அவன் போனதும் திரும்பினேன். மரவள்ளிக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்து சிவகாமி பின்னால் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த என் கையையே பார்த்தாள்.

"எங்கங்க வலி?"

"முட்டியில."

"எந்த முட்டி?"

"ரெண்டுலயும்."

"குத்துதா, கடுக்குதா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. "குத்திக் கடுக்குது" என்றேன்.

"அப்ப வைத்தியம் பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு? தானா சரியாயிடும்."

"நாலு பேர் பாக்க வைத்தியம் நடக்கணுங்க. வாதம்னு எழுதிக் குடுத்துட்டுச் சும்மா சாஞ்சு கெடந்தா துரை நம்புவானா? ஆஸ்பத்திரியில மருந்தும் கெடையாது. பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை ஐயா யோகாசனம் சொல்லித் தருவாரு. ஒரு மண்டலம் செய்யணுமாம். நாப்பத்தெட்டு நாளு."

என் பெண்டாட்டிக்கு இவ்வளவு யோசனை உண்டா என்று பூரித்துப்போனேன். பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்கடுக்க நின்று நின்று வந்த தன் முழங்கால் வலியை ஆசனம் செய்தே போக்கிக்கொண்டவர் என்று ஊரில் பேச்சு. மறுநாள் காலையே வந்தார். என் முழங்காலை அமுக்கினார். மடக்கினார். நீட்டினார். காதை வைத்துக்கூடக் கேட்டார். டிரஸ்ஸர் ஆயிற்றே, கண்டுபிடித்துவிடுவாரே!

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே கதவுக்குப் பதிலாகக் கோணிச்சாக்குத் திரை தொங்கும்.

"ஓம். நல்லா முத்தின வருத்தம்தான்" என்றார். அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய்.

டிரஸ்ஸரையே ஏமாற்றிவிட்டேன்! அன்று மரவள்ளிக் கஞ்சிகூட ருசித்தது.

மறுநாளிலிருந்து பாடம். முதலில் கால் விரல்கள், பிறகு கணுக்கால், பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வருவது. எல்லாம் ஆமை வேகத்தில். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அது அவருக்குத் தெரியாதோ என்னவோ, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"மூச்சை மெல்ல விடும்! நோகுற இடத்திலே நிப்பாட்டும்! நோவோடை சண்டை பிடிக்கக் கூடாது. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் போகும்!"

"சரிங்க ஐயா."

"விரல் வீங்கின நாளிலே அம்மி அரைக்கக் கூடாது. சுடுதண்ணியிலே கையை வைக்க வேணும்."

"நான் அம்மி அரைக்கிறதே இல்லீங்களே ஐயா?"

"உமக்கில்லை. பொதுவாச் சொல்லுறன்."

கோணித் திரைக்குப் பின்னால் சில சமயம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். பாவம், அடுப்பு ஊதுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

காலை ஆசனத்தில் போயிற்று. மீதி நாள் பயத்தில் போயிற்று. லோரி உறுமினால் போதும், ஒரே பாய்ச்சலில் பாயில் விழுந்து முனக ஆரம்பிப்பேன். இருபதாம் நாள் அடுத்த சந்தில் இரண்டு பேரை ஏற்றிப் போனார்கள். அதில் ஒருவன் காசநோய்க்காரன் என்று எழுதப்பட்டிருந்தவன். துரை வந்து பார்த்தபோது அவன் தென்னை மரத்தின் மேல் இருந்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு, அதாவது மரவள்ளி, தொண்டைக்குள் இறங்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். ஆசனம் பலிக்க ஆரம்பித்துவிட்டது! நாற்காலியில் கிடந்து துருப்பிடித்திருந்த உடம்பு ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டது. முப்பதாம் நாள், நின்றபடி குனிந்தால் இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிந்தன. நெற்றி முழங்காலைத் தொட்டது. பத்து வயசில்கூட எனக்கு அது வந்ததில்லை. நாளாக நாளாக என் உடம்பு தேறியது, என் நோய் ஆபத்தான நிலைக்குப் போயிற்று.

"ஐயா, பாடத்தை நிப்பாட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"மண்டலம் முடியாமலோ? விசர்க் கதை கதையாதேயும்" என்றார். கோணித் திரையும் ஒரு தரம் அசைந்தது.

முப்பத்தைந்தாம் நாள் காலை. பொன்னுதுரை முன்னால் பாயில் படுத்திருந்தேன். லோரி வந்தது. உறுமியது. எங்கள் வாசலிலேயே நின்றது.

எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்ததுதான். கண்ணைச் செருக வேண்டும். முனக வேண்டும். எழக் கூடாது. எது நடந்தாலும் எழக் கூடாது. பூட்ஸ் சத்தம் படியேறியது.

"கேய்ரே!" என்று வாசலுக்கு வெளியிலிருந்தே கத்தினான் கணேசமூர்த்தி.

குனிந்து வணங்கு என்று அர்த்தம். காவல் நிற்கிற ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பை மடித்துக் குனிய வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு தரம் அரைகுறையாகக் குனிந்ததற்கு வாங்கிய அறை என் இடது காதில் இன்னும் ரீங்காரமிடுகிறது. அதிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளை யோசிப்பதற்கு முன்னால் என் இடுப்பு மடங்கிவிடும்.

துள்ளி எழுந்தேன். குனிந்தேன். சாதாரணமாகவா? முப்பத்தைந்து நாள் பழகிய குனிவு! உள்ளங்கை இரண்டும் தரையில். நெற்றி முழங்காலில்.

தலைகீழாகத் தொங்கிய எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. எதிரே வந்து நின்ற பளபளக்கும் பூட்ஸ் இரண்டு. பக்கத்தில் கணேசமூர்த்தியின் கிழிந்த கான்வாஸ் சப்பாத்து. தள்ளி, பொன்னுதுரையின் வெறுங்கால்.

"அண்ணே..." என்றான் கணேசமூர்த்தி. "மூட்டுவாதம்னு எழுதியிருக்கேன். என்னண்ணே இது?"

பூட்ஸ்காரன் ஜப்பான் பாஷையில் ஏதோ உறுமினான். ரப்பரை எடு என்று சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. எல்லாம் முடிந்தது என்று நிமிரப் போனேன்.

முதுகில் ஒரு கை விழுந்தது. அழுத்தியது.

"எழுந்திருக்காதீங்க" என்று காதோரம் சிவகாமி.

அடுத்த நிமிஷம் அவள் போட்ட கூச்சலில் கோழிகள் பறந்தன. "துவான்! சாக்கிட், துவான்! தா போலே பாங்கூன்! லீமா மிங்கு!" துரையே, வியாதி, எழுந்திருக்க முடியாது, ஐந்து வாரமாக இப்படித்தான் என்று பாசார் மலாயில் ஒப்பாரி. நாலு வருஷமாகப் படுக்கையில் வாய்விட்டு ஒரு முனகல்கூட முனகாதவள்!

வாள் உறையின் நுனி என் விலாவில் குத்தியது. நான் அசையவில்லை. பூட்ஸ் என்னைச் சுற்றி வந்தது. ஒரு கை என் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தது. சிவகாமியின் கை கீழே அழுத்தியது. நடுவில் நான். சட்டைதான் கிழிந்தது.

"இடுப்புப் பூட்டு விழுந்து போச்சுது. நிமிர்த்தினால் முறிஞ்சு போகும்" என்றார் பொன்னுதுரை. கணேசமூர்த்தி அதைத் தனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் சொன்னான். முப்பது வருஷ டிரஸ்ஸர் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

நட என்று உத்தரவு. நாலு காலில் நடந்தேன். கூடத்தை ஒரு சுற்று, வாசலை ஒரு சுற்று. லோரிச் சக்கரம் தெரிந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு ஜோடி. ஒன்றில்கூடச் செருப்பு இல்லை. அந்தக் கால்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பல்ல.

ரத்தமெல்லாம் தலைக்கு வந்து கண் இருட்டியது. சாயப் போனேன். அப்போது சிவகாமி என் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சங்க" என்று முணுமுணுத்தாள். பிறகு எழுந்தாள். எதையும் பிடிக்கவில்லை. "முருகா" என்று சொல்லவில்லை. பாதியில் நிற்கவில்லை.

அந்த நிலையிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூட்ஸ் லோரிப் பக்கம் திரும்பியது. கணேசமூர்த்தியின் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. மை! ஒரு சீட்டைக் கிழித்து என் கைவிரல்களுக்கு நடுவே செருகினான்.

"வேலைக்கு ஆக மாட்டார், நிரந்தரமா குனிஞ்சவர்னு எழுதியிருக்கேன். நல்லாக் கேட்டுக்குங்கண்ணே. இனிமே எப்பவாவது நீங்க நிமிர்ந்து நின்னு எவனாவது பாத்துட்டான்னா நேரா சயாம்தான். கூடவே நானும்."

லோரி கிளம்பியது. கோகிலா ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற காலடி கேட்டது.

பொன்னுதுரை நழுவிவிட்டார். சிவகாமி வாசல் கதவைச் சாத்தினாள். நான் குனிந்தபடியே கேட்டேன். நிமிரத் தைரியமில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"எப்படி?"

"நெலையை இடது கையால பிடிச்சீங்களே. எனக்கு வலது மணிக்கட்டுல வலிங்க, அதனால இடது கை. உங்களுக்கு என்ன வலி? என் நோவை அப்படியே எடுத்துக்கிட்டீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எந்தக் கையால் எழுகிறாள் என்று நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"அப்ப அந்தப் பாடம்?"

"ஐயாவை நான்தான் கேட்டேன். பொம்பளையை எதிரே நிக்க வச்சுக் குனி, படுன்னு அவரு சொல்ல முடியுமா? உங்களை நிக்க வச்சோம். திரை ஓட்டையில பாத்து நான் கத்துக்கிட்டேன். விரல் மடங்குது. எழுந்திருக்க முடியுது. முன்ன மாதிரி ஓய்ச்சல் இல்ல."

சந்தோஷமாகத்தான் இருந்தது. நிஜமாகவே சந்தோஷம். ஆனால் சீட்டு கையில் இருந்தது. நிரந்தரமாகக் குனிந்தவர்! யுத்தம் எத்தனை வருஷம் நடக்குமோ! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் சிவகாமி, வயித்தைப் பிடிச்சுக் குனிஞ்சிருக்காரு, ஒட்டிக்கிற வாந்திபேதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் படிக்கட்டுலயே திரும்பி ஓடியிருப்பானே! உனக்குத் தோணலியா?"

"தோணுச்சே."

"அப்புறம்?"

தலைகீழாகத் தொங்கிய என் மூக்குக்கு நேரே ஒரு விளக்குமாறு வந்து நின்றது.

"பேதிக்காரரா இருந்தா நான் கஞ்சி வச்சுக் குடுக்கணும். குனிஞ்சவர்னா வீட்டைக் கூட்டலாமுங்களே."