விளக்கு தேவைப்படாத ஊர்

ஒரு நூலைக்கூடத் திறக்காமல் ஓர் ஊரையே அறிவாளியாக்க முடியும் என்று உலகுக்கு முதன்முதலில் நிரூபித்துக் காட்டியவர், பிலிப்பைன்ஸ் தீவுகளில் சான் ரோகெலியோ நகரத்து மேயர் லியோபோல்டோ மகதான் அவர்கள்தாம். அதற்கு முன்னால், அறிவு வேண்டுமென்றால் படித்தாக வேண்டும் என்றொரு மூடநம்பிக்கை நிலவி வந்தது.

திட்டத்தின் பெயர் 'மேயர் பரிந்துரைக்கும் நூல்கள்'. அரசியல், சமூகம், மனித நடத்தை பற்றிப் படித்தே தீர வேண்டியவை என்று இணையத்தில் எவரோ போட்டிருந்த பட்டியலை, கவுன்சிலரான மகன் எடுத்துக் கொடுத்தார். துணை மேயரான மனைவி வழிமொழிந்தார். மேயர் 'ஆழ்ந்து சிந்தித்து' ஒப்பமிட்டார். சாப்பாட்டு மேஜையிலேயே நகர்மன்றக் கூட்டம் முடிந்துவிடுவது அந்த ஊருக்கு வாய்த்த சிக்கனம்.

நூல்கள் வந்து இறங்கின. அரிசி மூட்டை, ஆம்புலன்ஸ், பள்ளிப்பை எல்லாவற்றிலும் மேயர் முகம் இருக்கும்போது நூல் மட்டும் அநாதையாக இருக்கலாமா? அட்டை நிறைய அவர் படத்தை ஒட்டும்படி நகர நூலகர் பூரிங்குக்கு உத்தரவு வந்தது. ஒட்டினாள். தலைப்பும் எழுதியவர் பெயரும் மேயரின் கன்னங்களுக்கு அடியில் அடக்கமாயின.

ஒட்டாமல் என்ன செய்வாள்? அவளுடைய வேலை ஆறு மாத ஒப்பந்தம். பல வருடமாகவே ஆறு மாத ஒப்பந்தம். ஜூன் முடிவதற்குள் மேயர் கையெழுத்துப் போட்டால் ஜூலையில் அடுப்பு எரியும்.

படம் ஒட்டியபின் நூலகத்தில் குழப்பமே இல்லை. யார் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"தடி மேயர் வேணுமா, ஒல்லி மேயர் வேணுமா?"

"ஒல்லியாவே குடுங்க மாம். புடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கத்தானே."

நூலோடு படம் எடுத்து அனுப்பிய நகராட்சி ஊழியரெல்லாம் 'வாசித்தவர்' என்று கொள்ளப்பட்டனர். வரிப்பிரிவில் ஒருவர் நூலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மேயர் முகம் தலைகீழாய் நின்றதற்கு அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது.

நூலைத் திறந்து படித்த குற்றம் பூரிங் ஒருத்தியையே சாரும். ஓர் ஒல்லி மேயரின் நடுப்பக்கத்தில் ஒரு வரியைக் கண்டு சிரிப்பு வர, இருமிச் சமாளித்தாள். ஆசை விடவில்லை, பென்சிலால் கோடும் போட்டுவைத்தாள்.

விதி யாரை விட்டது? நிறைவு விழாவில் பான்சித் நூடுல்ஸும் புகழுரையும் பரிமாறப்பட்டு, ஒப்பந்த ஊழியர்களின் கோப்பு கையெழுத்துக்காக மேடைக்கு வந்தது. மேயர் பேனாவைத் திறந்தார். அதற்குள் அறிவுத் தாகம் எழுந்து, கைக்கு அகப்பட்ட நூலை எடுத்தார். அது அந்த ஒல்லி நூல். கோடு போட்ட பக்கத்திலேயே விரிந்தது.

"பூரிங், கண்ணாடிய மறந்துட்டேன். கோடு போட்டிருக்குல்ல, அத சத்தமா வாசிம்மா."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நூலகராகவே காலம் தள்ளியவளுக்கு, திறந்த பக்கத்தில் இல்லாததை வாசிக்க நாக்கு வளையவில்லை.

"ஒரே முகத்தை எங்கும் மாட்டியிருக்கும் ஊரில், திருடனைத் தேட விளக்கு தேவையில்லை."

பூரிங் ஜூலை மாதத்தை மனத்துக்குள் வழியனுப்பி வைத்தாள்.

மேயருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? நம்ம ஊரத்தான் எழுதியிருக்காங்க. எம்மொகம் இருக்கற எடத்துல திருடனே கெடையாது. அப்புறம் வெளக்கு எதுக்கு?" பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "அர்த்தம் சரிதானே?" என்றார். பேனா கோப்புக்கு மேலே நின்றது.

"உங்களுக்குத் தெரியாததா, மேயர்," என்றாள் பூரிங்.

பேனா இறங்கியது.

சிந்தனையைச் செயலாக்குவதில் சான் ரோகெலியோவை மிஞ்ச ஊரில்லை. அந்த வாரமே அந்த வரி, மேயரின் முகத்தோடு, மீன்சந்தை வாசலில் பெரிய ஃபிளெக்ஸாக எழுந்தது. விளக்கு தேவையில்லை என்று நூலே சொல்லிவிட்டதால், தெருவிளக்கு நிதி 'வேறொரு நற்பணிக்கு' மாற்றப்பட்டது. அந்த நற்பணி மேயர் மகனின் வீட்டுப் பின்புறம், நீல ஓடு பதித்து, நீந்துவதற்குத் தோதாக அமைந்தது.

ஃபிளெக்ஸை யாரும் படிக்கவில்லை. அந்த முகம் இருக்கும் எதையும் படிப்பது ஊர் வழக்கமில்லை. பூரிங் மட்டும் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்தே போய் வந்தாள்.

மழைக்காலம் வந்தது. சந்தையின் புதுக்கூரைக்கு என்று வாங்கியதாகச் சொல்லப்பட்ட தகரம் மட்டும் வரவில்லை. மீன்காரிகள் நனைந்துகொண்டே புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ் தலைவருக்கு, பொழுது சாய்ந்த இருட்டில் தம் பூட்ஸே தெரியவில்லை.

"இந்த இருட்டுல திருடன எப்பிடித் தேடறது? யாராச்சும் ஒரு வெளக்கு கொண்டாங்க."

தினமும் ஃபிளெக்ஸுக்கு எதிரிலேயே உட்காரும் சாயோங், பாங்குஸ் மீனைச் செதில் உரிப்பதை நிறுத்திக் கத்தியால் மேலே காட்டினாள். "வெளக்கு எதுக்கு சார்? அதான் எழுதிப் போட்டிருக்காரே, அவரே. போட்டோவும் வச்சு."

சந்தை நிமிர்ந்தது. அந்த ஊர் முதன்முறையாக ஒன்றுகூடி, மழையில் நின்று, மின்னல் வெளிச்சத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மின்னலில் போலீஸ் தலைவர் கூட்டத்தில் மீன்பையோடு நின்ற பூரிங்கைக் கண்டுகொண்டார். "மாம், விழாவுல இத வாசிச்சது நீங்கதானே? இதுக்கு என்ன அர்த்தம்?"

பூரிங் டிசம்பரில் முடியும் ஒப்பந்தத்தை நினைத்தாள். கூரையில்லாத வானத்தைப் பார்த்தாள்.

"எழுதியிருக்கறதுதான் சார் அர்த்தம்," என்றாள். "மேயரே பரிந்துரை பண்ணினது."